ஆங்கில வகுப்பறையிலிருந்து தமிழை வெளியேற்றலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அண்மையில் சில வினாக்களை ஒரு தாளில் எழுதி எம்மிடம் தந்தார். அவர் இந்த மண்ணிலே பிறந்து, தமிழ்மொழி மூலம் படித்து, பின்னர் ஆங்கிலத்திற் பயிற்சி பெற்றவர். தமக்கே ஒரு காலத்தில் அந்நியமாயிருந்த மொழியை, அது இன்னும் அந்நியமாயிருக்கும் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடப் பாடவேளைகளில் ஊட்டவேண்டிய பொறுப்பு அவருடையது. அவருடைய வினாக்களில் ஆழமான இலக்கண ஆராய்ச்சி எதுவுமில்லை. அன்றாடம் வாயில் வரும் சொற்கள் பற்றியவை அவை. "ஓம்" என்பதற்கு எப்போதும் "யெஸ்" தானா? "பிளீஸ்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "கசின்" என்றால் யார்? "வி" என்று பிள்ளை எழுதினால் அது நாமா, நாங்களா?

வகுப்பறைக்குள் தமிழ்ச் சொல் ஒன்றேனும் ஒலிக்கக்கூடாது, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்கவேண்டும் என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. இது ஒரு பாடசாலைக்கு மட்டும் உரிய அறிவுறுத்தல் அன்று; உலகெங்கும் நெடுங்காலமாகச் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு கற்பித்தல் முறை. ஆயினும் அவர் தந்த வினாக்களுள் ஒன்றையேனும் தமிழைத் தொடாமல் விளக்க எம்மால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்பதாலேயே அவர் அவற்றை எழுதித் தந்தார்.

முதலில் "ஓம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மாணவனிடம், "நீர் நேற்று வரவில்லைத்தானே?" என்று கேட்கிறார். மாணவன், "ஓம், சேர்" என்கிறான். அவன் வரவில்லை என்பதை இருவரும் ஐயமின்றி விளங்கிக்கொள்கின்றனர். ஏனெனில் தமிழில் "ஓம்" என்பது கேட்டவரின் கூற்றுச் சரி என்று உடன்படுவது. நீங்கள் சொன்னது மெய்தான் என்பதே அதன் பொருள். இதே கேள்வியை ஆங்கிலத்திற் கேட்டால், வராத மாணவன் "நோ, சேர்" என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் "யெஸ்" என்பதும் "நோ" என்பதும் கேட்டவரின் கூற்றோடு உடன்படுவதையோ மறுப்பதையோ பொறுத்தவை அல்ல. செயல் நிகழ்ந்ததா இல்லையா என்பதையே பொறுத்தவை. வந்திருந்தால் "யெஸ்", வராவிட்டால் "நோ". கேள்வி எதிர்மறையில் அமைந்தாலும் அந்த விடை மாறுவதில்லை.

சிறிய வேறுபாடுதானே என்று இதனைத் தள்ளிவிட முடியாது. வகுப்பறையில் இப்பிழை ஒரு புள்ளியைத்தான் இழக்கச் செய்யும். ஆனால் தூதரகமொன்றின் நேர்முகத்தில், "இதற்கு முன்னர் உமது விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லைத்தானே?" என்ற பொருள்பட ஆங்கிலத்திற் கேட்கும்போது, நிராகரிக்கப்படாத ஒருவர் தமிழிற் சிந்தித்து "யெஸ்" என்றால் என்னவாகும்? வைத்தியர் ஒருவர், "இந்த மருந்து உமக்கு ஒவ்வாமை தரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் வினவும்போது "யெஸ்" என்றால் என்னவாகும்? புலம்பெயர்ந்த எமது மக்களுள் எத்தனையோ பேர் தம் வாழ்வின் மிக முக்கியமான வாக்குமூலங்களை ஆங்கிலத்திலோ, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்போர் மூலமோ கொடுக்க நேர்ந்தவர்கள். ஒரு சொல்லின் பதிவு அங்கே முரண்பாடாகக் கொள்ளப்படக் கூடும். ஆங்கிலம் தெரியாமையால் வரும் இடர் ஒன்று. தமிழில் நாம் எப்படி உடன்படுகிறோம் என்பதை அறியாமையால் வரும் இடர் வேறொன்று. இரண்டாவதை ஆங்கிலப் புத்தகம் சொல்லித்தராது. அதனைச் சொல்லித்தரக்கூடியவர் இருமொழியும் அறிந்த ஆசிரியர் ஒருவரே. அவருக்கு நாம் கூறக்கூடிய நடைமுறை ஆலோசனை ஒன்றுண்டு. எதிர்மறைக் கேள்விக்கு "யெஸ்", "நோ" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், "நோ, ஐ டிட் நொட் கம்" என்று முழு வாக்கியமாக விடை கூறப் பிள்ளைகளைப் பழக்குதல் நன்று. முதற்சொல் தவறினாலும் பின்வரும் வாக்கியம் காப்பாற்றும்.

மேற்படி கேள்வியில் வரும் "தானே" என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. "வருவியள்தானே", "தெரியும்தானே", "அவ சொன்னவதானே" என எந்த வினையோடும் எந்த இடத்தோடும் அந்த ஒரே சொல் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ வினைக்கும் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப "டிட் யு", "வோன்ட் ஹீ", "இஸின்ட் ஷி" என்று வால் மாறிக்கொண்டேயிருக்கும். எனவேதான் இலங்கையர் பேசும் ஆங்கிலத்தில் இவையெல்லாவற்றுக்கும் பதிலாக வாக்கிய இறுதியில் "நோ" என்றொரு சொல் வந்து அமர்ந்துகொண்டது. "யு வில் கம், நோ?" என்பதைக் கொழும்பிலும் கேட்கலாம், கண்டியிலும் கேட்கலாம். சிங்களத்தில் "நே" என்று முடிப்பதும் தமிழில் "தானே" என்று முடிப்பதும் சேர்ந்து இதற்கு வழிவிட்டிருக்கின்றன. வீட்டிலும் கடையிலும் இதில் குற்றங்காண வேண்டியதில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் அது பிழை. இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுவதே நேர்மையானது.

இனி, "பிளீஸ்" பற்றியது. குடாநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்திற் பேசும்போது மரியாதையின்றிப் பேசுவதுபோல் வெளிநாட்டவருக்குத் தோன்றுகிறது என்று ஆசிரியர் குறைப்படுகிறார். "கிவ் மீ த புக்" என்று பிள்ளை கேட்கிறது. இதில் அப்பிள்ளையின் வளர்ப்பில் எந்தக் குறையுமில்லை. தமிழில் அப்பிள்ளை "புத்தகத்தைத் தாங்கோ" என்றே கேட்டிருக்கும். அந்த "ங்கோ" என்ற விகுதியிலேயே மரியாதை முழுவதும் அடங்கிவிட்டது. "தா", "தாரும்", "தாங்கோ", "தருவியளோ" என நான்கு படிகள் எம்மிடம் உள்ளன. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று முன்னிலைகளும் உள்ளன. நடுவிலுள்ள "நீர்" யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடிருப்பது எமக்குப் பெருமை. இவ்வளவு நுட்பமான மரியாதையையும் வினையின் வாலிலே வைத்திருக்கும் மொழிக்கு "தயவுசெய்து" என்ற தனிச்சொல் அன்றாடம் தேவைப்படுவதில்லை. அது அறிவித்தற் பலகைகளிலும் விண்ணப்பங்களிலும் வாழ்கிறது. அடுக்களையில் எவரும் தாயிடம், "தயவுசெய்து சோறு போடுங்கள்" என்று கேட்பதில்லை. கேட்டால் தாய் ஏதோ கோபமென்றே நினைப்பாள்.

ஆங்கிலத்தில் "கிவ்" என்பதற்கு அப்படிகள் இல்லை. "யு" ஒன்றே அரசனுக்கும் ஆண்டிக்கும். ஆதலால் அம்மொழி மரியாதையை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறது: "பிளீஸ்", "குட் யு", "வுட் யு மைன்ட்" என்றெல்லாம். "தாங்கோ" என்பதை மொழிபெயர்க்கும் பிள்ளை வினையை மட்டும் கொண்டுபோய், மரியாதை விகுதியைத் தமிழிலேயே விட்டுவிடுகிறது. இதனை ஒருமுறை தமிழில் எடுத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் நூறுமுறை "சே பிளீஸ்" என்று கண்டிப்பதால், தான் மரியாதை தெரியாத பிள்ளை என்ற தாழ்வுணர்ச்சியே மிஞ்சும்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் சிக்கலானவை. பெரியப்பாவின் மகன் எமக்கு அண்ணன். மாமாவின் மகன் மச்சான். ஆங்கிலத்தில் இருவரும் "கசின்". எமது முறையில் ஒருவர் சகோதரர், மற்றவர் திருமண உறவுக்கு உரியவர். இவ்விருவரையும் ஒரே சொல்லில் அடைப்பது எமக்கு அபத்தமாகவே தோன்றும். முஸ்லிம் வீடுகளிலும் இவ்வாறே. சாச்சாவின் மகனை "நானா" என்றும் "காக்கா" என்றும் அழைத்து வளர்ந்த பிள்ளை அவரைச் சகோதரரென்றே எழுதும். சில முஸ்லிம் ஊர்களில் மூத்த சகோதரியைத் "தாத்தா" என்பர். அதே சொல் தமிழ்நாட்டில் பாட்டனாரைக் குறிக்கும் என்பதை இங்கு சிரித்துக்கொண்டே குறிப்பிடலாம். ஆனால் விண்ணப்பப் படிவம் சிரிப்பதில்லை. ஒரு படிவத்தில் "சகோதரர் மூவர்" என்றும், இன்னொரு படிவத்தில் "சகோதரர் ஒருவர்" என்றும் எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஒருமுறை தமிழில் எண்ணினார், மறுமுறை ஆங்கிலத்தில் எண்ணினார். இதனை விளக்க ஆங்கில வகுப்பில் வம்ச மரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பெயரின் கீழும் முதலில் வீட்டில் அழைக்கும் சொல்லையும் பின்னர் ஆங்கிலச் சொல்லையும் எழுதுவிப்பதைவிட நல்ல வழியொன்றை நாம் அறியோம்.

மற்றைய வினாக்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். "பொறோ", "லென்ட்" இரண்டும் ஏன் குழப்புகின்றன? தமிழில் "இரவல்" என்ற ஒரே பெயர்ச்சொல்லோடு வாங்கு, கொடு என்ற வினைகளைச் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் வாங்குவதற்கு ஒரு சொல், கொடுப்பதற்கு வேறு சொல். "இரவல் வாங்கு", "இரவல் கொடு" என்று கரும்பலகையில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "பாட்டனார் எக்ஸ்பயர்ட்" என்று விடுமுறைக் கடிதத்தில் எழுதலாமா? நாம் காலமானார் என்கிறோம், சிவபதமடைந்தார் என்கிறோம், வபாத்தானார் என்கிறோம். இறப்பை இறப்பென்று சொல்லத் தயங்கும் பண்பு அது. அத்தயக்கமே "எக்ஸ்பயர்ட்" என்பதைத் தேடிப் பிடித்தது. ஆனால் இன்றைய ஆங்கிலேயர் காதில் அது மருந்துக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் உரிய சொல்லாகவே ஒலிக்கும். "பாஸ்ட் எவே" என்பதே பொருந்தும். "ஐ வில் கோ அன்ட் கம்" என்பது எமது "போட்டு வாறன்" தான். சிங்களத்தில் "கிஹில்லா என்னம்" என்பதும் அதுவே. போகிறேன் என்று வாசலில் நின்று சொல்லக்கூடாது என்ற நம்பிக்கையை இந்நாட்டு மக்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உள்ளூரில் அதைத் திருத்தவேண்டியதில்லை என்பது எமது கருத்து. வெளிநாட்டவர் மட்டும் வாசலில் காத்துக்கொண்டு நிற்கக்கூடும்.

அதேபோல், எமது பட்டினங்களில் "ஹோட்டல்" என்பது சோறும் தோசையும் கிடைக்கும் இடம்; தங்குமிடம் அன்று. "கொமியூனிகேஷன்" என்பது முன்னர் தொலைபேசி எடுக்கவும் இன்று போட்டோப் பிரதி எடுக்கவும் போகும் கடை. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேற்றுநாட்டிலிருந்து வந்து இவ்வறிவிப்புப் பலகைகளைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இலங்கை ஆங்கிலத்துக்கெனத் தனி அகராதி ஒன்றை மைக்கல் மெய்லர் என்பவர் தொகுத்து 2007 இல் வெளியிட்டமைக்கு இத்தகைய சொற்களின் பெருக்கமே காரணம் எனலாம்.

உச்சரிப்புப் பற்றி ஆசிரியர் கேட்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. யாழ்ப்பாணத்தவர் "ரிக்கற்", "ரெலிபோன்", "ரொறன்ரோ" என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. அவர்கள் "டிக்கெட்", "டெலிபோன்" என்று எழுதுவர். ஆங்கில "ரீ" என்ற ஒலி நுனிநா பல்லின் பின்புறத்து மேட்டைத் தொடுவதாற் பிறப்பது. தமிழின் "ட்" நாவை மடித்து அண்ணத்திற் தொடுவதாற் பிறப்பது. "காற்று", "வெற்றி" என்பவற்றில் வரும் வல்லின "ற்" ஒலியை யாழ்ப்பாணத் தமிழ் இன்றும் பழைய இடத்திலேயே ஒலிக்கிறது. அது ஆங்கில ஒலிக்கு மிக அருகிலுள்ளது. எனவே எமது எழுத்துமுறை வேடிக்கையன்று, காது நுட்பத்தின் விளைவு. குடாநாட்டுப் பிள்ளைக்கு அந்த ஆங்கில ஒலியைக் கற்பிக்க, "காற்று" என்று சொல்லிப் பார் என்றாலே போதும். இங்கும் விடை தமிழில்தான் இருக்கிறது.

அன்றியும், தமிழ் ஒரு காலத்தில் வேற்றுமொழி தீண்டாமல் இருந்தது போலவும், ஆங்கிலம் இப்போதுதான் அதற்குள் நுழைகிறது போலவும் எண்ணுவோர் உளர். நாம் அமரும் கதிரையும் வாங்கும், திறக்கும் யன்னலும் அலுமாரியும், உண்ணும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. கந்தோருக்கு நாம் கொண்டுசெல்லும் மகஜரோ அரபு மொழியில் வேர்கொண்டது. கந்தோரில் மகஜர் கையளித்தோம் என்று எழுதும் செய்தியாளர் தாம் மூன்று மொழிகளை ஒரே வரியில் சேர்த்ததை அறியமாட்டார், வாசகரும் அறியார். அறியாமலே அது தமிழாகிவிட்டது.

குடாநாட்டின் ஆங்கிலக் கல்வி வரலாற்றைச் சற்றுப் பின்நோக்கிப் பார்த்தால், தமிழை வெளியேற்றி ஆங்கிலம் வளர்ந்ததாக அது காட்டவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தோன்றியது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. செமினரியில் ஆங்கிலம் உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டது. கூடவே தமிழிலக்கியமும் கற்பிக்கப்பட்டது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அந்தத் தாமோதரம்பிள்ளையே பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்.

கற்பிக்க வந்தவர்கள் முதலில் கற்றவர்களாக இருந்தனர் என்பதே இங்கு முக்கியம். நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைற் தொடங்கிய அகராதிப் பணி, பலர் கைமாறி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மிரன் வின்ஸ்லோவின் பெரும் தமிழ் – ஆங்கில அகராதியாக 1862 இல் சென்னையில் வெளிவந்தது. மானிப்பாயில் 1842 இல் தமிழுக்குத் தமிழே பொருள் கூறும் அகராதி ஒன்று அச்சேறியது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் பேர்சிவலின் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, பின்னர் அங்கேயே கற்பித்தவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களை ஆக்கினார். ஒரு சொல்லுக்கு இன்னொரு மொழியில் எது நேர் என்று இவர்கள் ஒவ்வொருவரும் எமது ஆசிரியரைப் போலவே தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள்தாம்.

அக்காலம் முழுவதும் பொற்காலமென்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலம் உத்தியோகத்துக்கான ஏணியாகவே பார்க்கப்பட்டது. அந்த ஏணியில் ஏறியோர் சிலர், கீழே நின்றோர் பலர். சமய நோக்கமும் அதனோடு பிணைந்திருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டமைக்கும், ஆங்கிலக் கல்வி பெற்றோர் மிஷன் பணியை விட்டு அரசாங்க வேலையை நாடினர் என்ற மனக்குறை ஒரு காரணமாயிற்று.

அண்மைக்கால அனுபவம் ஒன்று எமது விடயத்துக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து வகுப்பறைகளை நுணுகிக் கவனித்து எழுதினார். பொருளாதாரத் தடையும் குண்டுவீச்சும் இடப்பெயர்வும் சூழ்ந்திருந்த அந்நாட்களில் மாணவர் கையிலிருந்த ஆங்கிலப் பாடநூல், அமெரிக்க நகர வாழ்வைச் சித்திரிக்கும் "அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்". மாணவர் அதனை மறுக்கவில்லை. பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தை எடுத்துக்கொண்டனர். ஆனால் புத்தக ஓரங்களில் தமிழிற் கிறுக்கினர். சினிமாப் பாடலும் அன்றைய அரசியற் சுலோகங்களும் அங்கே இடம்பெற்றன. ஆசிரியர் வாய்திறந்து தடைசெய்த தமிழ், புத்தகத்தின் ஓரத்தில் அமைதியாக வாழ்ந்தது. 1999 இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் இதனை உலகெங்குமுள்ள மொழி ஆசிரியர்களின் பார்வைக்குக் கொண்டுசென்றது. யாழ்ப்பாணத்து இடைநிலைப் பாடசாலைகளின் ஆங்கில வகுப்புகளைப் பற்றி 1995 இல் அவர் எழுதிய ஆய்வு, ஆங்கிலம் மட்டுமே பேசுவதாகக் கருதப்படும் வகுப்புகளிலும் ஆசிரியர் விளக்கவும் பாராட்டவும் ஊக்குவிக்கவும் தமிழுக்கு மாறுவதைக் காட்டியது. அதனை அவர் ஆசிரியரின் பலவீனமாகக் கொள்ளவில்லை. இருமொழிச் சமூகத்தில் எப்படி வாழ்வது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் பழகுகின்றனர் என்றே கண்டார்.

தமிழ்பேசும் முஸ்லிம்களின் அனுபவத்தையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமானார்; பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். ஆங்கிலத்தில் உச்சியைத் தொட்ட அவர் தமிழில் நூல்கள் எழுதினார். அரபுத் தமிழ் மரபைப் போற்றினார். ஒரு மொழியைப் பெறுவதற்கு இன்னொன்றை விலையாகக் கொடுக்கவேண்டும் என்று அவர் கருதியதாக அவருடைய வாழ்வு காட்டவில்லை. அவர் பிறந்த அதே பட்டினத்திலிருந்து 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ்மொழி மூலமே தொடர்ந்து கற்றனர். 2009 இன் பின் மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இந்நகரின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

எமது கருத்துக்கு மறுப்பொன்று உண்டு. அது வலிமையானது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு அது காதில் விழும் ஒரே இடம் அந்த நாற்பது நிமிடந்தான். அதிலும் முக்கால் பங்கு தமிழில் போனால் எஞ்சுவது என்ன? உண்மையே. ஆங்கில ஆசிரியர் முழுப்பாடத்தையும் தமிழில் நடத்திவிட்டு, விடைகளை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் பார்த்தெழுதச் சொல்லும் வகுப்புகளை நாமும் கண்டிருக்கிறோம். ரியூசன் கொட்டில்களில் கடிதத்தையும் கட்டுரையையும் மனப்பாடம் செய்து, பரீட்சையில் தலைப்பு மாறியதும் திகைத்து நிற்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். அவ்வாறான தமிழ்ப் பயன்பாட்டை நாம் ஆதரிக்கவில்லை. அங்கு தமிழ் பயன்படுவது ஆங்கிலத்தை விளக்குவதற்கன்று, ஆங்கிலத்தைத் தவிர்ப்பதற்கு.

நாம் வேண்டுவது வேறு. பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்கட்டும், பேசட்டும், பிழைவிடட்டும். ஒரே பிழை வகுப்பு முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும்போது ஆசிரியர் ஒருகணம் நின்று, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கட்டும். ஐந்து நிமிடத்தில் காரணம் வெளிவந்துவிடும். பின்னர் ஆங்கிலத்துக்குத் திரும்பலாம். இதற்கு ஆசிரியருக்கு நல்ல ஆங்கிலத்தோடு நல்ல தமிழிலக்கண அறிவும் வேண்டும். ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனங்கள் தமிழ், ஆங்கில வாக்கிய அமைப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் பாடமொன்றைத் தம் பயிற்சியில் உறுதியாக இடம்பெறச் செய்தல் வேண்டும். வடக்குக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டுத் தொண்டர்களுக்கும் ஒரு வாரமேனும் தமிழ் கற்பித்தல் நன்று. பதின்மூன்றாவது திருத்தம் 1987 இல் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆனால் இந்நாட்டின் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் அது இணைப்பாக அமைவது, பிள்ளை நிற்கும் கரையிலிருந்து பாலத்தைத் தொடங்கினால் மட்டுமே.

ஆசிரியரின் கடைசி வினா "வி" பற்றியது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது நாம். அவரை விலக்கிச் சொல்வது நாங்கள். பேச்சில் இவ்வேறுபாடு தேய்ந்துகொண்டு வந்தாலும் எழுத்தில் இன்னும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "வி" தான். தம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் புத்தளத்திலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பதாகவும், எமது நகரம் என்ற தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னபோது எல்லோருமே "வி" என்று எழுதியிருந்ததாகவும் அவர் கூறினார். புள்ளியிடும்போது அவர் எங்கும் சிவப்புக்கோடு போடவில்லை. ஆயினும் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தச் சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று அவருக்கு விளங்கவில்லையாம். அடுத்த பாடவேளையில் அதே கட்டுரையின் முதற்பந்தியைத் தமிழில் எழுதச் சொல்லிப் பார்க்கும்படி அவருக்குக் கூறினோம்.